வட்டமாக உட்கார்ந்து, காதில் சொல்வதைத் திருப்பிச் சொல்லி ஜெர்மன் படிப்பது உருப்படுமா?

கேள்வி, ஜூன் 9, 2024

என் தங்கை நர்ஸ். ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று ஏழு மாதமாக ஜெர்மன் படிக்கிறாள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற டெர், டீ, டாஸ் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் நேற்று என்ன செய்தாய் என்று ஜெர்மனில் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. இப்போது வேறு வகுப்புக்கு மாறப் பார்க்கிறாள். அங்கே புத்தகமே கிடையாதாம். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வாக்கியம் தமிழில் சொல்ல வேண்டுமாம். டீச்சர் பின்னால் வந்து நின்று அதை ஜெர்மனில் காதோடு சொல்வாராம். இவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி செல்போனில் பதிவு செய்வார்களாம். கேட்டால் கவுன்சிலிங் முறை என்கிறார்கள். மொழி படிக்கப் போகிறவளுக்கு எதற்குக் கவுன்சிலிங்? காசைக் கரியாக்குகிற வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு

கரியாகாது. நான் திருச்சியில் ஒன்பது வருடமாக ஜெர்மன் சொல்லித் தருகிறேன், கடைசி நான்கு வருடம் இந்த முறையில்தான். ஒரு தடவைக்கு எட்டு பேர், ஏறக்குறைய எல்லாரும் நர்ஸ்கள். உங்கள் தங்கை பார்த்தது என் வகுப்பு இல்லை. ஆனாலும் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 10

கவுன்சிலிங் என்றதும் நம் ஊரில் பொறியியல் சீட்டு ஒதுக்குவதுதான் நினைவுக்கு வரும். இது அது இல்லை.

இந்த முறையை உருவாக்கியவர் சார்லஸ் கரன். கத்தோலிக்கப் பாதிரியார், சிகாகோவில் உள்ள லயோலா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வகுத்த உளவள ஆலோசனை வழியில் வந்தவர். அந்த வழியில் ஆலோசகர் புத்திமதி சொல்ல மாட்டார். வந்தவர் குழப்பமாக, அழுகையும் கோபமுமாகச் சொல்வதைக் கேட்டு, 'நீங்கள் சொல்வது இதுதானே' என்று தெளிவான சொற்களில் திருப்பிக் கொடுப்பார். வேறு மொழி படிக்க வருகிற வயது வந்தவரும் அதே நிலையில்தான் இருக்கிறார் என்று கரனுக்குத் தோன்றியது. உள்ளே சொல்ல நிறைய இருக்கிறது, சொல்ல வாய் இல்லை. அப்படியானால் ஆசிரியரும் அந்த ஆலோசகர் செய்வதையே செய்யலாமே? மாணவர் தன் மொழியில் சொல்வதை வாங்கி, புது மொழியில் திருப்பிக் கொடுக்கலாமே? 1960-களில் சோதித்துப் பார்த்து, 1972-லும் 1976-லும் நூல்களாக எழுதினார்.

உங்கள் தங்கைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று யோசியுங்கள். ராத்திரி டியூட்டியில் ஒரு வார்டையே தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். டாக்டர் வரும் முன்பே நாடியைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கிறவள். அவளை உட்கார வைத்து, 'இது பேனா, அது மேஜை' என்று சொல்லச் சொல்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளையாகிவிடுகிறாள். அந்த அவமானத்தில்தான் வாய் பூட்டிக்கொள்கிறது. கரன் இந்த அவமானத்தைத்தான் பிரச்சினையின் வேராக எடுத்துக்கொண்டார். இலக்கணம் அதற்குப் பின்னால்தான்.

ஜூன் 10, மறுபடி

நடைமுறையைக் கேட்டிருக்கிறார்கள்.

எட்டு நாற்காலி, வட்டமாக. நடுவில் ஸ்டூல், அதன்மேல் ஒரு போன். கரன் காலத்தில் டேப் ரெக்கார்டர். நான் வட்டத்துக்கு வெளியே நிற்பேன். யாராவது ஒருவர் இன்னொருவரிடம் ஏதாவது சொல்ல விரும்பினால் தமிழில் சொல்வார். நான் அவர் பின்னால் போய், தோளுக்கருகே குனிந்து, மெல்லிய குரலில் ஜெர்மனில் சொல்வேன். இரண்டு மூன்று சொல்லாகத் துண்டுபோட்டுத் தருவேன். அவர் போனை எடுத்து, பதிவைத் தொட்டு, அந்த ஜெர்மனை மட்டும் பேசி, நிறுத்துவார். அடுத்தவர் பதில் சொல்வார், மறுபடி தமிழில். இப்படியே இருபது நிமிடம் ஓடும். கடைசியில் போட்டுக் கேட்டால் ஒன்றரை நிமிடம் இருக்கும். அதில் தமிழே இருக்காது. முழுக்க ஜெர்மனில் எட்டு பேர் பேசிக்கொள்கிற ஓர் உரையாடல், அவர்களே பேசியது.

முதல் தடவை அதைக் கேட்கிறபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அதை நான் பலகையில் எழுதுவேன், கீழே தமிழ் அர்த்தத்தோடு. அன்றைய பாடம் அதுதான். இலக்கணம் அதிலிருந்தே எடுப்போம். கடைசிப் பத்து நிமிடம் 'எப்படி இருந்தது' என்று தமிழில் பேசுவார்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜூன் 12

பள்ளி நாடகத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பதுபோல என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல ஒப்புமை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஓர் இடத்தில் பொருந்தாது. நாடகத்தில் வசனம் ஏற்கெனவே தாளில் இருக்கிறது, மேடையில் நிற்கிறவன் அதை மறந்துவிட்டான். இங்கே வசனம் மேடையில் நிற்கிறவளுடையது. பின்னால் நிற்கிற என்னிடம் தாளே இல்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது.

முதல் வருடம் இது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா? ஒரு குழுவில் முதல் நாள், முதல் வாக்கியம், ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்? "ஹாபென் ஸீ ஷோன் கெகெஸன்?" என்றேன். முடிந்த காலம், அதுவும் பொது விதிக்கு அடங்காத வினை வடிவம். பாடப் புத்தகத்தில் அங்கே போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும். முதல் நிமிடத்திலேயே வந்து நின்றது. அந்தப் பெண் அதை ஒரு சொல்லாகவே பிடித்துக்கொண்டாள். தினமும் வகுப்புக்குள் நுழைகிறபோது கேட்பாள். இரண்டு மாதம் கழித்து அந்தக் காலத்தை விளக்க வேண்டிய நாள் வந்தபோது விளக்க ஒன்றும் இல்லை. 'கெகெஸன் மாதிரி' என்றேன், போதுமாக இருந்தது.

ஜூன் 15

இந்த முறையில் நான் தற்செயலாகக் கண்டது ஒன்று உண்டு. எனக்கு மிகவும் முக்கியமானது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

முன்பு வேறு ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஜெர்மனை ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித்தர வேண்டும், வகுப்பில் தமிழ் பேசினால் கண்டிப்பார்கள். மாணவிகள் தமிழில் நினைத்து, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஜெர்மனுக்குப் போவார்கள். திருச்சியிலிருந்து மதுரைக்குச் சென்னை வழியாகப் போவதைப் போல.

குளிர்கிறது என்று சொல்ல ஆங்கில வழியில் வருகிறவர்கள் "இஷ் பின் கால்ட்" என்பார்கள். தப்பு. ஜெர்மன்காரர் காதில் அது 'நான் ஈரமில்லாத மனசுக்காரி' என்பது போலக்கூட விழும். சரியானது "மிர் இஸ்ட் கால்ட்". மிர் என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிருது. அவ்வளவுதான், நாம் சொல்வதே! ஆங்கிலத்தை நடுவில் வைத்ததால் நம் வீட்டு வாக்கியத்தை நாமே தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தோம்.

வட்டத்தில் தமிழில் பேச ஆரம்பித்த பிறகு இந்த 'எனக்கு' வரிசையாக வந்தது. எனக்குத் தலை வலிக்குது: "மிர் டூட் டெர் கோப்ஃப் வே". எனக்குத் தலை சுத்துது: "மிர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்". எனக்கு இது பிடிச்சிருக்கு: "டாஸ் கெஃபெல்ட் மிர்". ஒரு நாள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த ராமநாதபுரத்துப் பெண், "மேடம், மிர் வர்ற இடத்துல எல்லாம் நாம எனக்குன்னு சொல்றோம்" என்றாள். நான் சொல்லித்தரவில்லை. தங்கள் வாக்கியங்களிலிருந்து அவர்களே எடுத்தார்கள். நான்காம் வேற்றுமை என்று பெயர் வைத்தது மட்டும் நான். ஆறாவது வகுப்பில் படித்த 'கு உருபு' அவர்களுக்கு ஞாபகம் இருந்தது.

'ஏனென்றால்' என்று பொருள்படும் வைல் போட்டால் வினைச்சொல் கடைசிக்குப் போகும் என்பதும் ஆங்கில வழியில் வருகிறவர்களுக்குத் தலைவேதனை. வினையைக் கடைசியில் வைப்பது நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

ஜூன் 16

நேற்று எழுதியதில் ஓர் அவசரம் இருக்கிறது. எல்லாம் அப்படிப் பொருந்தாது. 'எனக்குப் பசிக்குது' என்பதற்கு அவர்கள் "இஷ் ஹாபெ ஹுங்கர்" என்கிறார்கள். நான் பசியை வைத்திருக்கிறேன் என்பது போல. தமிழை நம்பிப் போனால் இங்கே இடறும். சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில்தான் நிற்கும், கடைசியில் இல்லை. தமிழும் ஜெர்மனும் சொந்தக்காரர்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவளுக்கு உண்மையில் பேச வேண்டிய வாக்கியத்திலிருந்து தொடங்கினால், எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று அவளே பார்த்துக்கொள்கிறாள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

ஜூன் 16, பின்னேரம்

நீ, நீங்கள் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், டூ, ஸீ இரண்டும் நமக்கு ஒரு நிமிடப் பாடம். ஆனால் ஒரு பெண் வட்டத்தில், "பாட்டி, மாத்திரை போட்டுக்கோங்க" என்றபோது திகைத்து நின்றேன். பாட்டிக்கு ஜெர்மனில் ஓமா. முதியோர் இல்லத்தில் யாரையாவது ஓமா என்றால் மரியாதைக் குறைவு. திருமதி என்பது போன்ற ஃப்ராவ் போட்டுக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "பேர் சொல்லிக் கூப்பிடறதா மரியாதை?" என்றாள். அன்று மீதி நேரம் முழுக்க இதையே பேசினோம், தமிழில். வீணான நேரம் என்று நான் நினைக்கவில்லை.

ஜூன் 21

'தப்பைத் திருத்தவே மாட்டீர்களா?' என்று கோயம்புத்தூர் ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். இந்தக் கேள்வியில் நான் இரண்டு வருடம் தப்பான பக்கம் நின்றேன்.

கரன் மாணவரின் வளர்ச்சியை ஐந்து கட்டமாகச் சொல்கிறார். முதலில் கருவில் இருக்கிற பிள்ளை, எல்லாவற்றுக்கும் தாயை நம்பி இருக்கும். அப்புறம் உதைக்கத் தொடங்கும். அப்புறம் பிறக்கும். நான்காவது கட்டம் வளரிளம் பருவம். ஐந்தாவதில் தனியாள். நான் முதல் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு, இது அன்பு வழி, திருத்தினால் பயந்துவிடுவார்கள் என்று கடைசிவரை திருத்தாமலே இருந்தேன். ஒரு குழு ஏழு மாதம் கழித்தும் டெரும் டாஸும் மாற்றி மாற்றிப் பேசியது. ஒருத்தி நேராகவே கேட்டாள்: "தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சே சொல்லாம இருந்தீங்களா மேடம்?" எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் வளர்ந்துவிட்டாள், நான் அவளைக் கருவிலேயே வைத்திருந்தேன்.

நான்காவது கட்டத்தில்தான் திருத்தம் வர வேண்டும் என்று கரனே சொல்கிறார். அப்போது மாணவருக்குத் திருத்தத்தைத் தாங்கும் தெம்பு வந்திருக்கும். இன்னொன்றும் சொல்கிறார்: அந்தக் கட்டத்தில் ஆசிரியருக்குத்தான் பாதுகாப்பு குறையும், மாணவர் ஆசிரியரைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பெண் கேட்ட அன்று இது எனக்கு எழுத்துக்கு எழுத்து நடந்தது.

முதல் கட்டத்திலும் திருத்தம் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. 'மனிதக் கணினி' என்று ஒரு பயிற்சி உண்டு. மாணவர் பலகையில் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்து சொல்வார். நான் பின்னால் நின்று அதையே சரியான உச்சரிப்பில் சொல்வேன். 'தப்பு' என்று சொல்ல மாட்டேன், முகம் காட்ட மாட்டேன். அவர் திரும்பச் சொன்னால் நானும் திரும்பச் சொல்வேன். எத்தனை தடவை என்று முடிவு செய்வது அவர். ஒருத்தி 'நான்' என்று பொருள்படும் 'இஷ்' என்ற ஒரு சொல்லை இருபத்திரண்டு தடவை சொன்னாள், நானும் இருபத்திரண்டு தடவை சொன்னேன். சரியாக வந்ததும் அவளே நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 2

கடைசிப் பத்து நிமிடம் பற்றிச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

மாணவி சொல்வாள்: "எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. பயமா இருந்துச்சு." நம் வாயில் உடனே என்ன வரும்? "பயப்படாதம்மா, ஒண்ணும் இல்ல." அழுகிற பிள்ளையிடம் 'அழாதே' என்கிறோம், துக்க வீட்டில் 'மனசைத் தேத்திக்கோ' என்கிறோம். எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால் 'ஒண்ணும் இல்ல' என்றதும் அவள் பயத்துக்கு அங்கே இடம் இல்லாமல் போகிறது. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கரன் கேட்பது வேறு. "எல்லாரும் பார்க்கிறார்கள், தப்பு வந்துவிடுமோ என்று இருந்தது." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவள் சொன்னது எனக்கு எட்டியது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், வேறொன்றும் வேண்டாம். இதைக் கற்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது அந்தப் பெண், "ஆமா மேடம். ஆனா மூணாவது தடவை அவ்வளவா இல்ல" என்றாள். அதை நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்த எர்ல் ஸ்டீவிக் இந்த முறையை மாணவராக உட்கார்ந்தும் பார்த்தவர். மொழி வகுப்பு வெல்வது பாடப் பொருளையும் உத்தியையும்விட, அறைக்குள் இருக்கிறவர்களுக்கு உள்ளேயும் அவர்களுக்கு இடையேயும் நடப்பதைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. நான் படித்தபோது மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஜூலை 3

'முப்பது பேர் வகுப்பில் முடியுமா?' முடியாது. பன்னிரண்டு தாண்டினால் நான் எடுக்க மாட்டேன். இரண்டு மொழியும் சரளமாக வராத ஆசிரியராலும் முடியாது.

ஜூலை 19

பரீட்சை பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் பி2 என்கிற மொழித் தேர்ச்சி நிலை கேட்கிறார்கள். ஜெர்மன் தேர்வுகள் நடத்துகிற கோதே நிறுவனத்தின் பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வாங்க வேண்டும். வட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் அது வந்துவிடுமா? வராது. தாங்கள் சொல்ல நினைத்ததைச் சொல்லப் பழகியவர்களுக்கு, யாரோ ஒரு செய்தி வாசிப்பாளர் வேகமாகப் பேசுவது பிடிபடாது. என் முதல் இரண்டு குழுவிலும் கேட்டல் பகுதியில் அடி வாங்கினார்கள். தப்பு என்னுடையது, முறையை மாற்றக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். இப்போது அதற்கு முந்தைய நிலையான பி1 தொடங்கியதும் வாரத்தில் இரண்டு நாள் வட்டம், நான்கு நாள் சாதாரண வகுப்பு, புத்தகமும் மாதிரித் தாளும் உண்டு. கரன் ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ, இவர்கள் விசா வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 4

ஒருமுறை குழுவில் ஒரு மலையாளப் பெண் இருந்தாள். தமிழ் புரியும், ஓரளவு பேசுவாள். அது போதும் என்று சேர்த்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துப் பழைய பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது உறைத்தது: அவள் வாக்கியங்கள் எல்லாம் மூன்று சொல், நான்கு சொல். மற்றவர்கள் மாமியாரைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசுகிறார்கள், இவள் "இன்று மழை" என்கிறாள். தன் தமிழில் எது முடியுமோ அதை மட்டும் பேசியிருக்கிறாள். நான் பழைய நிறுவனத்தில் எதை வெறுத்தேனோ அதையே அவளுக்குச் செய்திருக்கிறேன். நடுவில் வேறொரு மொழி.

சரிசெய்தது நான் இல்லை. பாலக்காட்டில் மூன்று வருடம் வேலை பார்த்த இன்னொரு மாணவி, "அக்கா, நீங்க மலையாளத்துலயே சொல்லுங்க, நான் மேடம்கிட்ட சொல்றேன்" என்று தன் நாற்காலியை அவள் பக்கத்தில் நகர்த்திப் போட்டாள். அன்றைய முதல் வாக்கியம் நாற்பது விநாடி நீண்டது.

அக்டோபர் 6

கேள்வி கேட்டவர் தன் தங்கை அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது. போனில் பதிவு செய்ததை வீட்டில் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். அவளாகக் காட்டினால் கேளுங்கள்.

அக்டோபர் 13

புதுக் குழு. நேற்று ஒரு பெண், மூன்று வயதுப் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறவள், வட்டத்தில் சொன்னாள்: "பிள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டு வர மனசே இல்ல."

எனக்கு உடனே வரவில்லை. 'கொஞ்சம் இருங்க' என்றேன். எட்டு பேரும் காத்திருந்தார்கள். அப்புறம் ஜெர்மனிலும் இதயத்தை வைத்து ஒரு மரபுத்தொடர் இருப்பது ஞாபகம் வந்தது: "இஷ் ப்ராஹ்டெ எஸ் நிஷ்ட் யூபர்ஸ் ஹெர்ட்ஸ்". மனசு வரவில்லை என்பதுதான் அது. துண்டுதுண்டாகக் கொடுத்தேன். ஏழு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்தாள். அறையில் யாரும் பேசவில்லை.

அக்டோபர் 14

ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற வாசகர் ஒருவர் எனக்குத் திருத்தம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அந்தத் தொடரைச் சொன்னால், மனசு வராததால் கடைசியில் செய்யவே இல்லை என்று ஆகிவிடும். அதாவது பிள்ளையை விட்டுவிட்டு வரவில்லை. ஆனால் அவள் வந்துவிட்டாள். நாம் மனசே இல்லாமலும் செய்வோம், அதையும் 'மனசே இல்ல' என்றுதான் சொல்வோம். அவள் சொன்னதற்கு "ஷ்வேரன் ஹெர்ட்ஸன்ஸ்" வர வேண்டும், கனத்த மனதோடு. பிள்ளையை விட்டுவிட்டுத்தான் வந்தேன், கனத்த மனதோடு.

நாளைக்கு வகுப்பில் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 15

சொன்னேன். எல்லார் முன்னாலும், "மூணு நாள் முன்னாடி உங்களுக்கு நான் குடுத்த வாக்கியம் தப்பு" என்று. பலகையில் இரண்டையும் எழுதி வித்தியாசத்தை விளக்கினேன். அவள் புதியதை எழுதிக்கொண்டாள். பழையதை அடித்துவிடுங்கள் என்றேன்.

"வேணாம் மேடம், அதுவும் இருக்கட்டும்" என்றாள். "அடுத்த தடவை லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போகும்போது பிள்ளைய விட்டுட்டுப் போகாம கூட்டிட்டுப் போயிட்டேன்னு வைங்க, அப்ப இத சொல்லணும்ல."

பின்னால் போய் நின்றேன். அவள் பழைய வாக்கியத்தைச் சொன்னாள், நான் சொன்னேன். மறுபடி சொன்னாள், நானும் சொன்னேன்.